கற்பிட்டிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

இலங்கையில் ஒரே நாளில் ஆசைதீரப் பார்க்கக்கூடிய பழைய ஊர் எது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். கற்பிட்டி! காலி பெரிது, அழகு, ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியும் மதிலும் கம்பீரம்தான். ஆனால் ஒரு கோட்டை, ஒரு ஒல்லாந்தர் தேவாலயம், ஒரு மீன் சந்தை, ஒரு படகுத்துறை, கண்ணுக்கெட்டிய தூரம் களப்பு, இத்தனையையும் கால்நடையாகவே சுற்றிப் பார்த்து, மத்தியானம் நண்டுக் கறியோடு சோறும் தின்று, மஃரிபுக்கு முன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேறு எந்த ஊரில் முடியும்? எங்கள் கற்பிட்டியில் முடியும்.

நான் குறிஞ்சிப்பிட்டிக்காரன். எங்கள் ஊரிலிருந்து கற்பிட்டி ஒரு சின்ன பஸ் பயணம்தான். வங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு, பெருநாள் உடுப்புக்கு என்று நாங்கள் போய்வராத மாதம் கிடையாது. இந்தத் தடவை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஊரைப் பார்க்க மட்டும் போனோம். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமா, உம்மாவின் தம்பி. வாலிபம் முழுவதையும் கடலில் கழித்தவர். காற்றின் திசையைப் பார்க்காமல் வீட்டுக் கதவைக்கூடத் திறக்கமாட்டார். மற்றவள் என் மகள். வகுப்பில் அவளுக்கு ஒல்லாந்தர் காலப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வரலாற்றுப் புத்தகத்தையே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம். இந்தக் குடாநாட்டில் காலைப் பயணம் போவதென்றால் அது ஒரு தனி ருசி. மண் எல்லாம் கடல் மணல். இந்த மணலில் என்ன விளையும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வந்து பாருங்கள்! வெங்காயம், மிளகாய், பீட்ரூட், பூசணி, இடையிடையே தென்னந்தோப்பு. கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் வருடம் முழுக்க விவசாயம். ஆசைப்பட்டு இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அந்தக் கணக்குத் தெரிந்த தோட்டக்காரர்கள் விடிந்ததும் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே வெயில் பட்ட இடத்திலெல்லாம் குட்டி வானவில்கள்.

ஊருக்குள் நுழையும்போது எங்களை முதலில் வரவேற்றவை கழுதைகள். தெருவோரத்தில் அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன. புத்தளம், கற்பிட்டி, மன்னார் என்று இந்தக் கரையோரத்தில்தான் இலங்கையில் கழுதைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்பது ஊர்ப் பேச்சு. லொறி வராத காலத்தில் உப்பையும் சரக்கையும் சுமந்தவை இவைதான். இன்றைக்குச் சுமை இல்லை. ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் மாதிரி சந்தியில் நின்று போக்குவரத்தை மேற்பார்வை செய்கின்றன. மகள் ஒரு குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாள். அவளை இழுத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தோம்.

கற்பிட்டிக் கோட்டை! இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குக் கை நிற்காது. இன்று அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அதனால் முகாம் வாசலில் அனுமதி கேட்டு, அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். யாரும் இதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். எங்களுடன் வந்த கடற்படைத் தம்பி சிங்களமும் தமிழும் கலந்து அவ்வளவு அன்பாக ஒவ்வொரு மூலையையும் காட்டினார். மகளிடம், "நங்கி, இங்க கைய வச்சுப் பாருங்க" என்று சுவரின் ஒரு இடத்தைக் காட்டினார். சாந்து உதிர்ந்து கல் தெரிந்த இடம் அது. அவள் கையை வைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கல் என்று நினைத்துக்கொண்டிருந்தது பவளப் பாறை! வளைந்து வளைந்து ஓடும் நுண்ணிய பள்ளங்கள், பக்கத்தில் இன்னொரு கல்லில் நட்சத்திரப் புள்ளிகள், இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிப்பித் துண்டு. என்றோ கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்தது. 350 வருடங்களாகக் கோட்டைச் சுவராக நிற்கிறது. மகள் அந்தப் பள்ளங்களின் வழியே சுட்டுவிரலை ஓட்டிக்கொண்டே போனாள். புத்தகத்தில் அந்தக் கோட்டைக்கு ஒரு வரி இருந்தாலே அதிகம்; இங்கே அவள் விரலுக்கடியில் முழுச் சுவரும் இருந்தது.

ஒல்லாந்தர் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1659இல். அதற்கு முன் இங்கே போர்த்துக்கேயரின் காவலரணும் இயேசு சபையினரின் சிற்றாலயமும் இருந்தன. அந்த இடத்திலேயே 1667இல் கோட்டை வேலையைத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். ஏறக்குறையச் சதுரமான கோட்டை, நாலு மூலையிலும் நாலு கொத்தளம். உள்ளே தளபதியின் வீடு, படைவீரர் தங்குமிடம், சிறை, பண்டசாலை, ஆலயம். பலவற்றுக்குக் கூரை போய்விட்டது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. கூரையில்லாத ஆலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் நாலு பக்கம் சுவர், நடுவில் நீலம். சுவரின் கனத்தைப் பார்த்து மாமா தன் இரண்டு கையையும் விரித்து அளந்தார். அளந்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வாசலை மட்டும் தனியாக நின்று பார்க்க வேண்டும். கோட்டை முழுக்கப் பவளக் கல்லாக இருக்க, வாசல் வளைவு மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் செங்கல். ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்த செங்கல் என்று சொல்கிறார்கள். மேலே மணிக்கூண்டு. போர்க் கோட்டைக்கு ஏன் மணிக்கூண்டு என்று மகள் கேட்டாள். அந்தத் தம்பி ஒரு கதை சொன்னார். கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனுக்குக் கரையில் கோட்டை எழும்புவது பிடிக்காதாம். அவன் கண்ணில் மண்ணைத் தூவத்தான் ஆலயம் கட்டுகிறோம் என்று சொல்லி, வாசலை ஆலயத்தின் முகப்புப்போல் வைத்துக் கட்டினார்களாம்.  கதை எந்த அளவுக்கு உண்மையோ, அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இருந்த உறவு அப்படிப்பட்டதுதான். 1638இல் ஒப்பந்தம் செய்து இரண்டு பேரும் சேர்ந்து போர்த்துக்கேயரை விரட்டினார்கள். விரட்டி முடிந்ததும், பிடித்த துறைமுகங்களை ஒல்லாந்தர் அரசனிடம் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அப்படி வைத்துக்கொள்ள இந்த மணல்மேட்டில் என்ன இருந்தது? இதற்குப் பதில் வேண்டுமென்றால் மதில்மேல் ஏறி நில்லுங்கள். நாங்கள் ஏறினோம். கிழக்கே புத்தளம் களப்பு விரிந்து கிடக்கிறது. 327 சதுர கிலோமீற்றர் பரப்பு! அந்தக் களப்பு வடக்கே போய்க் கடலோடு சேரும் வழி முழுவதும் கோட்டையின் பார்வையில். மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மகன், இந்த வாயப் பிடிச்சவன் கையிலதான் முழுக் களப்பும். உள்ள போற வள்ளமும் இவன்ட கண்ணுல பட்டுத்தான் போகணும், வெளிய வாற வள்ளமும் இவன்ட கண்ணுல பட்டுத்தான் வரணும்." எத்தனையோ கட்டுரை சொல்லும் விஷயத்தை மாமா மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டார். கண்டி ராச்சியத்தின் பாக்கு களப்பு வழியாகக் கடலுக்கு வந்தது. தென்னிந்தியத் துணி களப்பு வழியாக உள்ளே போனது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறின. மலைநாட்டு அரசனுக்குப் புத்தளம்தான் மேற்குக் கடலைப் பார்க்கும் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு ஒல்லாந்தர் போட்ட தாழ்ப்பாள் கற்பிட்டி. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போய், கண்டி நாலு பக்கமும் நிலத்தால் அடைபட்டது. அது பின்னால் வந்த கதை. அதன் முதல் கல் இங்கே வைக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றியது.

இதற்கெல்லாம் முன்பே இந்தக் கரையில் உலகம் வந்து இறங்கியிருக்கிறது. மொறோக்கோ பயணி இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய பத்தாளா என்ற ஊர் புத்தளம்தான் என்று வரலாற்றாளர் பலரும் கொள்கிறார்கள். அங்கே அவரை வரவேற்ற மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. கரையெல்லாம் கறுவா மரத் துண்டுகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். மன்னன் முத்துகளை எடுத்துக் காட்டியதையும் எழுதியிருக்கிறார். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது பல்லக்கும் துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பியவனும் அந்தத் தமிழ் மன்னன்தான். மதில்மேல் நின்று இதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப வாப்பா, இந்தத் தண்ணியப் பாத்திருப்பாரா?" என்று களப்பைக் காட்டிக் கேட்டாள். பார்த்திருப்பார் மகளே, கட்டாயம் பார்த்திருப்பார்!

1795 நவம்பரில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1859 வரை அவர்கள் இதைப் படைக்குப் பயன்படுத்தினார்கள். எத்தனை கொடி ஏறி இறங்கிய இடம்! ஆனாலும் கோட்டை மிரட்டவில்லை. கடற்காற்று வீச, கொத்தளத்தின் ஓரத்தில் புல் அசைய, தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்க, அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடலாம் போலிருந்தது.

கோட்டையை விட்டு இறங்கி ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் போனோம். புனித பேதுரு தேவாலயம் என்பது அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். முகப்பின் உச்சி அரைவட்டமாக வளைந்து நிற்கும். அந்த வளைவைப் பார்த்ததும் ஒல்லாந்தர் கை என்று தெரிந்துவிடும். உள்ளே கல்லால் செய்த ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. கல்லறைக் கற்களோ அற்புதம்! 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கற்கள். எழுத்துகள் இன்னும் கூர்மையாக நிற்கின்றன. மகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு பெயரைப் படித்தாள். பொருள் விளங்காத சொற்களைத் தாண்டி, எண்களைக் கண்டதும் வயதைக் கணக்குப் பார்த்தாள். எங்கேயோ பனி விழும் நாட்டில் பிறந்து, கப்பலில் மாதக்கணக்கில் வந்து, இந்த வெயிலிலும் மணலிலும் வாழ்ந்து முடித்தவர்கள். பகைவன், ஆட்சி செய்தவன் என்று பாடத்தில் படிக்கிறோம். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவர்களும் வீட்டை நினைத்து ஏங்கிய மனிதர்கள் என்று மனதில் படுகிறது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரும் சொல்லவில்லை, மையத்து அடங்கிய இடம் என்று அவராகவே கழற்றினார்.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் போனால் பாவம். சைமன் காசிச்செட்டி. 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர், ஆறு, குளம், மலை, மக்கள் என்று எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்; ‘சிலோன் கெசற்றியர்’ என்ற அந்தத் தொகுப்பு 1834இல் அச்சானபோது அவருக்கு வயது 27! இணையம் இல்லை, ரயில் இல்லை, நல்ல வீதிகூட இல்லை. பிறகு சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தார். சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். 1859இல் வந்த அவருடைய ‘தமிழ் புளூட்டாக்’ ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்கிறது. தமிழ்ப் புலவர் வரலாற்றை இப்படித் திரட்டித் தந்த முன்னோடி நூல்களில் ஒன்று, இந்த மணல் ஊரில் பிறந்த ஒருவரின் கையால் வந்தது. யோசித்துப் பாருங்கள்! 1860இல் அவர் இறந்தார். கோட்டை மதிலைக் கட்டியவனின் பெருமையை ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். காசிச்செட்டியின் பெருமையையும் அதே குரலில் பேச வேண்டும் என்பது என் ஆசை. என் மகளுக்கு அன்று அதை மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

பசி வந்துவிட்டது. கடைத்தெருவுக்கு நடந்தோம். கற்பிட்டிக் கடைத்தெரு நீளமில்லை. ஆனால் என்ன கலகலப்பு! வலைக் கயிறு, மிதவை, நங்கூரம் விற்கும் கடைக்குப் பக்கத்தில் புடவைக் கடை. அதற்குப் பக்கத்தில் பிளேன்டீக் கடை. பள்ளிவாசலின் பாங்கு, தேவாலயத்தின் மணி, கோவிலின் மணி எல்லாம் கேட்கும் ஊர் இது. கடைக்காரர் ஒருவரிடம் சிங்களத்தில் விலை பேசி, அடுத்தவரிடம் தமிழில் நலம் விசாரித்து, மூச்சு வாங்குவதற்குள் மறுபடியும் சிங்களத்துக்குத் தாவுகிறார். ஒருவரும் அதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை.

மீன் விற்கும் இடத்தில் மாமாவை அடக்கவே முடியவில்லை. ஒவ்வொரு தட்டிலும் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். பாரை, சீலா, சூடை, திருக்கை, கணவாய், களப்பு இறால். நண்டு எப்படி எடுப்பது என்று மகளுக்கு அங்கேயே பாடம் நடந்தது. "தூக்கிப் பாருங்க மகள். உருவத்துக்குக் கனம் இருந்தா உள்ள சதை இருக்கு. லேசா இருந்தா வெறும் ஓடு." அவள் இரண்டு கையிலும் ஒவ்வொரு நண்டை, கால் கட்டியிருந்தாலும் பயந்து பயந்துதான், தூக்கி எடை பார்த்தாள். இடது கை நண்டைக் காட்டினாள். மாமாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் கருவாடு. அடுக்கடுக்காக, பளபளவென்று. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அந்த வாசம் வந்தால் ஊருக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சோற்றுக் கடையில் மத்தியானச் சாப்பாடு. சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி, கணவாய்ப் பிரட்டல், அதன் நடுவில் ராஜா மாதிரி நண்டுக் கறி. முருங்கையிலை கிள்ளிப் போட்டு, தேங்காய்ப்பால் திரண்டு, மிளகு தூக்கலாக வந்த கறி. கறிக்குப் போட்ட தேங்காய் இந்த மணலில் காய்த்தது. நண்டு இந்தக் களப்பில் பிடித்தது. மகள் காலை உடைத்துச் சதையை உறிஞ்சி, விரலை நக்கி, சோற்றை மறுபடியும் வாங்கினாள். பெரிய ஹோட்டல்களில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் இந்த ருசிக்குக் கிட்ட வர முடியாது என்று எந்தச் சபையிலும் சொல்வேன். முடிவில் இஞ்சி பிளேன்டீ. அல்ஹம்துலில்லாஹ்!

ளுஹர் தொழுதுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். தண்ணீர் தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் கிடந்தது. தீவுகளுக்குச் சாமான் ஏற்றும் படகுகள் நின்றன. அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, ஒரு கட்டுச் சேவல்கூட. இப்பந்தீவு, எருமைத்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு என்று மாமா விரல்விட்டுப் பெயர் சொன்னார். வடக்கே இருக்கும் இரண்டு குடாக்களுக்கும் இன்னும் ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என்றுதான் வரைபடத்தில் பெயர். படை போய்விட்டது, பெயர் தண்ணீரில் தங்கிவிட்டது. மேற்கே ஆழ்கடல் பக்கம் பார் ரீஃப் பவளப்பாறைத் தொடர். 1992இலிருந்து பாதுகாக்கப்பட்ட சரணாலயம், ஏறத்தாழ 306 சதுர கிலோமீற்றர். 1998இலும் 2016இலும் கடல் சூடேறியதில் அந்தப் பவளம் பெருமளவு வெளிறிச் செத்தது. காலையில் சுவரில் விரல் வைத்துப் பார்த்த அதே உயிர்தான் என்று சொன்னதும் மகள் முகம் வாடிவிட்டது. வாடட்டும். இந்த வயதில் வாடிய முகம்தான் நாளைக்கு அதைக் காக்கும்.

அந்தத் துறையில் நின்றுகொண்டு மாமா 1990 ஒக்டோபரைப் பேசினார். வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய மாதம். மன்னார்ப் பக்கத்துச் சனம் கடல் வழியாக, வள்ளம் வள்ளமாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது. கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு பிள்ளை. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. உலை வைத்த வீடுகள் எல்லாம் இன்னொரு கொத்து அரிசி சேர்த்துப் போட்டன. "அப்ப எங்கள்ட்டயும் ஒண்ணும் இல்ல மகன். இருந்ததப் பிரிச்சிக்கிட்டம்" என்றார் மாமா. அப்படி வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணிலேயே வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, எங்களோடு சம்பந்தமும் செய்துவிட்டார்கள். கற்பிட்டியின் வாசலால் வணிகன் வந்தான், படைவீரன் வந்தான், பாதிரியார் வந்தார். வீடிழந்தவர்களும் வந்தார்கள். அவர்களுக்குத் திறந்த வாசல்தான் இந்த ஊரின் பெரிய வரலாறு என்று நான் அடித்துச் சொல்வேன். இதைச் சொல்ல மஞ்சள் செங்கல் வளைவு கிடையாது. சொல்ல ஆள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

அசருக்குப் பிறகு திரும்பினோம். பகல் முழுக்கச் சரித்திரம் பார்த்த மகளுக்கு மாலையில் இன்னொரு வேடிக்கை காத்திருந்தது. எங்கள் பக்கத்துக் கண்டக்குழிக் கரையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரிய பெரிய பட்டங்களைக் காற்றில் ஏற்றி, பலகையில் நின்று தண்ணீர்மேல் பறக்கிறார்கள். மே தொடங்கி ஒக்டோபர் வரை வீசும் தென்மேல் காற்றுக்காகவே உலகத்தின் எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வானம் முழுக்கப் பட்டம். மாமா அவர்களைக் கடற்காரன் கண்ணோடு பார்த்தார். "காத்தப் படிச்சிருக்கானுகள்" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது!

வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 160 கிலோமீற்றர். புத்தளம் வீதியில் வந்து, புத்தளத்துக்கு முன்னால் பாலாவிச் சந்தியில் திரும்ப வேண்டும். விடியலில் புறப்பட்டால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை வந்தால் கடல் அமைதி. காலையில் படகில் போனால் நூற்றுக்கணக்கில் டொல்பின்கள் சுழன்று துள்ளுவதைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலமும் முகம் காட்டும். ஆனால் படகுக்காரரை டொல்பினைத் துரத்தச் சொல்லாதீர்கள். எஞ்சினை அடக்கிவிட்டுச் சும்மா இருந்தால் அதுவாகவே கிட்ட வரும். கோட்டைக்கு அடையாள அட்டை கட்டாயம் எடுத்து வாருங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். இந்த வெயில் யாருக்கும் தயவு காட்டாது. தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போக ஏற்ற உடுப்போடு வாருங்கள். மார்ச்சிலோ ஓகஸ்ட்டிலோ வந்தால் வழியில் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவையும் பார்க்கலாம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, எல்லாச் சாதி சனமும் கூடாரம் அடித்துத் தங்கும் பெருவிழா அது. போகும்போது கருவாடு வாங்காமல் போகாதீர்கள். நன்றாகக் காய்ந்ததைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் சுற்றுலா என்று பிள்ளைகளை அதே இரண்டு மூன்று இடங்களுக்குக் கூட்டிப் போகிறோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பாடத்தையும் ஒரே மதிலில் தொட்டுப் பார்க்கும் இடம் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. களப்பு எப்படி வேலை செய்கிறது, மணலில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது, பவளம் ஏன் சாகிறது என்று விஞ்ஞானப் பாடமும் இங்கேதான் கிடக்கிறது. தமிழ்ப் பாடத்துக்குக் காசிச்செட்டி இருக்கிறார். ஒரு பஸ் பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள். சோற்றுக்கு நண்டுக் கறி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என் மகள் வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "அடுத்த கிழமையும் போவோமா?" என்பதுதான். போவோம். இன்னும் பத்தலங்குண்டு பாக்கி இருக்கிறது, டொல்பின் பாக்கி இருக்கிறது, கோட்டையின் வடக்குப் பக்கக் கொத்தளத்தில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு திட்டமும் இருக்கிறது. நீங்களும் வாருங்கள். பாலாவியில் இடது பக்கம் திரும்புங்கள்; மிச்சத்தைக் கற்பிட்டி பார்த்துக்கொள்ளும்.